ஈர்ப்பு விசை: நிறையும் தொலைவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூட்டனின் ஈர்ப்பு விதியை ஒரே மூச்சில் ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். ஆனால் "விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு உண்டா?", "பூமியின் மையத்தில் எடை எவ்வளவு?" என்று கேட்டால் அவர்களிலேயே பலர் தடுமாறுகிறார்கள். விதியில் இருப்பவை நிறை, தொலைவு என்ற இரண்டே அளவுகள்தான். ஒன்றைப் பார்க்கும்போது மற்றொன்றை மறந்துவிடுவதால்தான் குழப்பங்களில் பெரும்பாலானவை வருகின்றன என்பது என் எண்ணம். மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு தேவைப்படும் இடங்களில் அதைத் தவிர்க்கவில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், எல்லாவற்றையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஈர்ப்பு விதி சரியாக என்ன சொல்கிறது?

நிறை உள்ள எந்த இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அந்த விசை, இரண்டு நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும். ஐசக் நியூட்டன் 1687-இல் வெளியிட்ட 'பிரின்சிபியா' நூலில் இந்த விதி இடம்பெற்றது. சூத்திரமாக எழுதினால்:

விசை = ஈர்ப்பு மாறிலி × முதல் நிறை × இரண்டாம் நிறை ÷ (தொலைவு × தொலைவு)

நிறையைக் கிலோகிராமிலும் தொலைவை மீட்டரிலும் எடுத்துக்கொண்டால் விசை நியூட்டன் என்ற அலகில் கிடைக்கும். ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு 6.674 × 10⁻¹¹. அதாவது புள்ளிக்குப் பிறகு பத்து சுழியங்களைப் போட்டு, அதன் பின்னால் 6674 என்று எழுத வேண்டும். இந்த எண் எவ்வளவு சிறியது என்பதை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பைப் பற்றிய வியப்புகளில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

நிறையை இரட்டித்தால் விசை எவ்வளவு மாறும்? தொலைவை இரட்டித்தால்?

ஒரு பொருளின் நிறையை மட்டும் இரட்டித்தால் விசை இரண்டு மடங்காகும். இரண்டின் நிறைகளையும் இரட்டித்தால் நான்கு மடங்கு. தொலைவை இரட்டித்தால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். மும்மடங்காக்கினால் ஒன்பதில் ஒரு பங்கு. பத்து மடங்காக்கினால் நூறில் ஒரு பங்கு. தொலைவைப் பாதியாக்கினால் விசை நான்கு மடங்காக உயரும்.

தேர்வுகளில் விரும்பிக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: இரண்டு நிறைகளையும் இரட்டித்து, தொலைவையும் இரட்டித்தால் என்ன ஆகும்? மேலே நான்கு, கீழே நான்கு, விசை மாறாது. நிறைகளில் ஒன்றை மட்டும் இரட்டித்துத் தொலைவையும் இரட்டித்தால் விசை பாதியாகிவிடும். ஒரே மடங்கில் கூட்டினால் தொலைவு எப்போதும் ஒரு நிறையை வென்றுவிடும். ஏனென்றால் அது இரண்டு முறை வகுக்கிறது.

அது ஏன் இருமடி? வெறும் தொலைவாகவோ மும்மடியாகவோ இருந்தால் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நாம் வாழும் வெளிக்கு மூன்று பரிமாணங்கள். ஒரு சிறிய விளக்கிலிருந்து ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுவதை எண்ணிப் பாருங்கள். ஒரு மீட்டர் தொலைவில் ஒரு கோளப் பரப்பின்மீது விழும் அதே ஒளிதான், இரண்டு மீட்டர் தொலைவில் நான்கு மடங்கு பெரிய பரப்பின்மீது விழ வேண்டியிருக்கிறது. கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்து வளர்வதால், ஓரிடத்தில் கிடைக்கும் ஒளி அதே வீதத்தில் மங்குகிறது. ஈர்ப்பின் தாக்கமும் இப்படித்தான் பரவி நீர்த்துப்போகிறது.

நியூட்டன் வேறு வழியில் இதை அடைந்தார். கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன, சூரியன் அதன் குவியங்களில் (நீள்வட்டத்துக்குள் இருக்கும் இரண்டு சிறப்புப் புள்ளிகளில்) ஒன்றில் இருக்கிறது என்று ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் முன்பே கண்டறிந்திருந்தார். அப்படிப்பட்ட பாதை அமைய வேண்டுமானால் விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைய வேண்டும் என்று நியூட்டன் கணித முறையில் நிறுவினார். அந்த அடுக்கு சரியாக 2 ஆக இல்லாமல் 2.01 ஆக இருந்தால்கூட, கோளின் நீள்வட்டம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் திரும்பிக்கொண்டே போகும். தொடங்கிய இடத்தில் வந்து சேராது. மும்மடியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சிறிது அசைந்தாலும் கோள் சூரியனுக்குள் சுருண்டு விழும், அல்லது ஒரேயடியாக விலகிப் போய்விடும். கோள்கள் அதே நீள்வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுவதே அந்த 2 என்ற எண்ணால்தான்.

பூமியில் விழும் ஆப்பிளுக்கும் வானத்து நிலவுக்கும் ஒரே விதிதான் என்று எப்படித் தெரிந்தது?

நிலவை வைத்து நியூட்டன் போட்ட கணக்கு அறிவியல் வரலாற்றின் அழகான கணக்குகளில் ஒன்று. இன்றைய எண்களைக் கொண்டு போட்டுப் பார்ப்போம்.

பூமியின் ஆரம் 6,371 கி.மீ. நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதாவது பூமியின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு. விதி சரியென்றால், பூமியின் ஈர்ப்பு அங்கே 60 × 60 = 3,600-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். தரையருகே கைவிட்ட பொருள் முதல் ஒரு நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3,600-ஆல் வகுத்தால் 1.36 மில்லிமீட்டர். நிலவு ஒரு நொடியில் அவ்வளவு தூரம் பூமியை நோக்கி "விழ" வேண்டும்.

இப்போது மறுபக்கம். நிலவு பூமியை 27.3 நாள்களில் ஒருமுறை சுற்றுகிறது. நேர்கோட்டில் போயிருக்க வேண்டிய நிலவு, தன் வட்டப் பாதையில் தங்குவதற்காக ஒவ்வொரு நொடியும் எவ்வளவு உள்நோக்கி வளைகிறது என்று இந்தச் சுற்றுக்காலத்திலிருந்து தனியாகக் கணக்கிடலாம். விடை அதே 1.36 மில்லிமீட்டர்! தரைக்கு ஒரு சட்டம், வானுக்கு ஒரு சட்டம் என்று பல நூற்றாண்டுகளாக நம்பப்பட்டதை இந்தப் பொருத்தம் முடிவுக்குக் கொண்டுவந்தது.

பெரிய பொருள் சிறிய பொருளை அதிகமாக இழுக்குமா?

இழுக்காது. இரண்டும் ஒன்றையொன்று சரிசமமாகத்தான் இழுக்கின்றன. 100 கிராம் ஆப்பிளைப் பூமி ஏறத்தாழ 1 நியூட்டன் விசையால் இழுக்கிறது என்றால், ஆப்பிளும் பூமியை அதே 1 நியூட்டன் விசையால் இழுக்கிறது. சூத்திரத்தில் இரண்டு நிறைகளும் பெருக்கப்படுவதைப் பாருங்கள். எதை முதலில் எழுதினாலும் விடை ஒன்றுதான்.

மாறுபடுவது விசையின் விளைவு. அந்த 1 நியூட்டன், ஆப்பிளை நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூட வைக்கிறது. பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோகிராம். அதே விசை அதற்குத் தரும் முடுக்கம், அதாவது நொடிக்கு நொடி கூடும் வேகம், 1.7 × 10⁻²⁵ மீட்டர் அளவுதான். எந்தக் கருவியாலும் உணர முடியாத அசைவு அது. ஆனால் நிலவு போன்ற பெரிய துணை இருந்தால் பூமியின் அசைவும் வெளிப்படையாகத் தெரியும். பூமியும் நிலவும் ஒரு பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன. அந்தப் புள்ளி பூமியின் நடுவில் இல்லை. மையத்திலிருந்து சுமார் 4,670 கி.மீ. தள்ளி இருக்கிறது.

அப்படியானால் கனமான பொருள் ஏன் வேகமாக விழுவதில்லை?

கனமான பொருளைப் பூமி அதிக விசையால் இழுக்கிறது என்பது உண்மை. அதே சமயம் கனமான பொருளை நகர்த்துவதற்கும் அதே விகிதத்தில் அதிக விசை வேண்டும். பத்து மடங்கு நிறை, பத்து மடங்கு இழுப்பு, பத்து மடங்கு தயக்கம். கடைசியில் முடுக்கம் ஒன்றாகவே வருகிறது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி ஒரு சுத்தியலையும் ஒரு பருந்தினப் பறவையின் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். காற்றில்லாத அந்த இடத்தில் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

இழுப்பைத் தீர்மானிக்கும் நிறையும் தயக்கத்தைத் தீர்மானிக்கும் நிறையும் ஏன் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய விஷயம் அல்ல. 2016-இல் ஏவப்பட்ட பிரெஞ்சு செயற்கைக்கோளான 'மைக்ரோஸ்கோப்', டைட்டானியக் கலவையாலும் பிளாட்டினக் கலவையாலும் ஆன உருளைகளை விண்வெளியில் ஒப்பிட்டுப் பார்த்தது. சுமார் 10¹⁵-இல் ஒரு பங்கு நுட்பத்திலும் வேறுபாடு தென்படவில்லை. ஐன்ஸ்டைன் ஈர்ப்பை விளக்கும் தம் பொதுச் சார்பியல் கொள்கையை இந்தச் சமன்மையின்மீதுதான் கட்டினார்.

பக்கத்தில் நிற்பவரை நானும் ஈர்க்கிறேனா?

நிச்சயமாக. 60 கிலோகிராம் நிறையுள்ள இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மனித உடல் கோளம் அல்ல என்பதால் இது தோராயக் கணக்கு: 6.674 × 10⁻¹¹ × 60 × 60 ÷ 1 = 0.00000024 நியூட்டன். ஒரு மில்லிகிராமின் நாற்பதில் ஒரு பங்கு தூசியின் எடைக்குச் சமம். அதே ஆளைப் பூமி 588 நியூட்டன் விசையால் இழுக்கிறது. இது பக்கத்து ஆளின் இழுப்பைப் போல் 245 கோடி மடங்கு. உணராமல் இருப்பதில் வியப்பில்லை.

ஈர்ப்பு இவ்வளவு வலுவற்றது என்றால், கோள்களையும் விண்மீன்களையும் அது எப்படி ஆள்கிறது?

ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே உள்ள மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைப் போல் சுமார் 2 × 10³⁹ மடங்கு. ஆனால் மின்னூட்டத்தில் நேர், எதிர் என்று இரண்டு வகை உண்டு. பெரிய பொருள்களில் அவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. நிறைக்கு எதிர்வகை இல்லை. சேரச் சேர ஈர்ப்பு கூடிக்கொண்டே போகும், எதனாலும் அதை மறைக்கவோ தடுக்கவோ முடியாது. அதனால்தான் அணுவுக்குள் பெயரே இல்லாத இந்த விசை, விண்மீன் அளவில் முழு ஆட்சியையும் எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு சிறிய மாறிலியை எப்படி அளந்தார்கள்?

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன். நியூட்டனுக்கு விதி தெரியும்; மாறிலியின் மதிப்பு தெரியாது. பூமியின் நிறை தெரியாததால் அந்த மாறிலியைத் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. அதற்கு, நிறை தெரிந்த இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பை ஓர் அறைக்குள்ளேயே அளக்க வேண்டும்.

ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதற்கான கருவியை வடிவமைத்தார். பயன்படுத்திப் பார்ப்பதற்குள் 1793-இல் இறந்துபோனார். அந்தக் கருவி பின்னர் ஆங்கிலேய அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைப் பெரும்பாலும் புதிதாகவே அமைத்தார். ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள மரத்தண்டு ஒன்று, மெல்லிய கம்பியில் கிடைமட்டமாகத் தொங்கும். அதன் இரு முனைகளிலும் 5 செ.மீ. விட்டமுள்ள சிறிய ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் 0.73 கிலோகிராம். அவற்றின் அருகே 158 கிலோகிராம் நிறையுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியவை சிறியவற்றை இழுக்க, தண்டு மிக மெதுவாகத் திரும்பி, கம்பி முறுக்கிக்கொள்ளும். கம்பி எவ்வளவு முறுக்கியது என்பதிலிருந்து இழுப்பைக் கணக்கிடலாம்.

அந்த இழுப்பு சிறிய குண்டின் எடையில் ஐந்து கோடியில் ஒரு பங்குதான். அறையில் ஆள் நின்றால் உடல் வெப்பமே காற்றை நகர்த்தி அளவைக் கெடுத்துவிடும். ஆகவே கேவண்டிஷ் கருவியை ஒரு மூடிய அறைக்குள் வைத்துவிட்டு, வெளியில் நின்று சுவரிலிருந்த துளை வழியே தொலைநோக்கியால் தண்டின் நகர்வைப் பார்த்தார். பெரிய குண்டுகளை நகர்த்தியதும் வெளியிலிருந்துதான். 1798-இல் முடிவை வெளியிட்டார்: பூமியின் சராசரி அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல் 5.48 மடங்கு. இன்றைய மதிப்பு 5.51. அவர் மாறிலியை எண்ணாகக் கூறவில்லை, பூமியின் அடர்த்தியையே கூறினார். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை எளிதில் பெறலாம்.

இன்றும் இயற்பியலின் அடிப்படை மாறிலிகளில் மிகக் குறைந்த துல்லியத்தோடு தெரிந்தவற்றுள் இதுவும் ஒன்று. வெவ்வேறு ஆய்வகங்களின் நுட்பமான அளவீடுகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போவதில்லை. ஆனால் அளக்கக்கூடிய பொருள்களின் அளவு வியக்கத்தக்க விதத்தில் சுருங்கியிருக்கிறது. 2021-இல் வியன்னாவில் ஓர் ஆய்வுக் குழு, ஒவ்வொன்றும் சுமார் 90 மில்லிகிராம் நிறையே உள்ள இரண்டு சிறு தங்கக் குண்டுகளுக்கு இடையிலான ஈர்ப்பை அளந்து காட்டியது.

தொலைவை எங்கிருந்து அளக்க வேண்டும்? தரையிலிருந்தா?

மையத்திலிருந்து. மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். தரையில் நிற்கும் ஒருவருக்குப் பூமியுடனான தொலைவு சுழியம் அல்ல, 6,371 கி.மீ. கோள வடிவில் சீராக அமைந்த பொருள், தன் மொத்த நிறையும் மையத்தில் குவிந்திருப்பதுபோலவே வெளியில் உள்ளவற்றை ஈர்க்கும் என்று நியூட்டன் நிறுவியிருக்கிறார்.

இதனால்தான் மலை ஏறினாலும் ஈர்ப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். மையத்திலிருந்து பார்த்தால் 6,371 என்பது 6,380 கி.மீ. ஆகிறது, அவ்வளவுதான். உயரத்தால் வரும் குறைவு 0.3 சதவீதத்துக்கும் கீழே. ஈர்ப்பு பாதியாகக் குறைய வேண்டுமானால் தரையிலிருந்து சுமார் 2,640 கி.மீ. மேலே போக வேண்டும். கால் பங்காகக் குறைய 6,371 கி.மீ. உயரம் தேவை.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லையா? அங்கே எல்லோரும் மிதக்கிறார்களே!

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. 6,371-ஐ 6,771-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 0.885. தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 89 சதவீதம் அங்கே இருக்கிறது. அது இல்லாமல் போனால் நிலையம் பூமியைச் சுற்றாது, நேர்கோட்டில் பறந்து போய்விடும்.

மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் ஒரே முடுக்கத்தில் பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருப்பது. பக்கவாட்டில் நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் போவதால், விழும் பாதை பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து, தரையைத் தொடாமலே சுற்றிவருகிறது. காலடியில் தாங்கும் தளம் எதுவும் எதிர்த்து அழுத்தாததால் எடை உணரப்படுவதில்லை. செய்திகளில் "ஈர்ப்பு இல்லாத விண்வெளி" என்று எழுதுவதை நிறுத்தினால் மாணவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

பூமிக்குள் இறங்கினால் தொலைவு குறைகிறது. மையத்தில் விசை முடிவிலி ஆகுமா?

ஆகாது. மையத்தில் விசை சுழியம். அங்கே எல்லாப் பக்கங்களிலும் சம நிறை இருப்பதால் இழுப்புகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.

உள்ளே இறங்க இறங்க, தலைக்கு மேலே விட்டுவந்த பாறை ஓடு மொத்தமாகக் கணக்கிலிருந்து விலகிவிடும்; சீரான கோள ஓடு தனக்குள் இருக்கும் பொருளை எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் நிறை மட்டுமே இழுக்கும். பூமி முழுவதும் ஒரே அடர்த்தியாக இருந்தால் ஈர்ப்பு சீராகக் குறைந்துகொண்டே போகும். உண்மைப் பூமி அப்படி இல்லை. மேலே உள்ள பாறை இலகுவானது, நடுவில் உள்ள இரும்பு உள்ளகம் அடர்த்தியானது. ஆகவே ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழத்தில், உள்ளகம் தொடங்கும் எல்லையில், ஈர்ப்பு முடுக்கம் தரையில் இருப்பதைவிட அதிகமாகி 10.7 அளவுக்கு உயர்கிறது. அதன் பிறகுதான் மையம் வரை இறங்கிச் சுழியமாகிறது. நிறை குறைவதற்கும் தொலைவு குறைவதற்கும் இடையே நடக்கும் போட்டியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

நிறை அதிகமான கோளில் எடையும் அதிகமாகத்தானே இருக்கும்?

ஆரத்தையும் பார்க்க வேண்டும். செவ்வாயின் நிறை புதனின் நிறையைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவு. ஆனால் இரண்டின் தரையிலும் ஈர்ப்பு முடுக்கம் 3.7 தான். செவ்வாயின் தரை அதன் மையத்திலிருந்து கூடுதல் தொலைவில் இருப்பதால், கூடுதல் நிறையின் பலன் கரைந்துவிடுகிறது. யுரேனஸ் பூமியைப் போல் 14.5 மடங்கு நிறை கொண்டது. அதன் மேல்மட்டத்தில் ஈர்ப்போ பூமியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. நிலவின் நிறை பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு என்றாலும், ஆரமும் சிறியது என்பதால் அங்கே எடை 81-இல் ஒன்றாகாமல் ஆறில் ஒன்றாகிறது.

சூரியன் நிலவைப் பூமியைவிட அதிகமாக இழுக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சூரியனின் இழுப்பு பூமியின் இழுப்பைப் போல் சுமார் 2.2 மடங்கு. இருந்தும் நிலவு பிரிந்து போவதில்லை. ஏனென்றால் சூரியன் பூமியையும் ஏறத்தாழ அதே முடுக்கத்தில் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தே சூரியனைச் சுற்றி விழுகின்றன. அவற்றைப் பிரிக்க முயல்வது, இரண்டின்மீதும் செயல்படும் முடுக்கங்களுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடு மட்டும்தான். அதைப் பூமியின் பிடி எளிதில் வென்றுவிடுகிறது.

கடல் ஓதங்களுக்கும் (கடல் மட்டம் ஏறி இறங்குவதற்கும்) இதே விளக்கம் பொருந்தும். சூரியன் பூமியை நிலவைப் போல் சுமார் 179 மடங்கு விசையோடு இழுக்கிறது. ஆனால் ஓதத்தை உண்டாக்குவது மொத்த இழுப்பு அல்ல. பூமியின் அருகுப் பக்கத்துக்கும் தொலைவுப் பக்கத்துக்கும் இடையே உள்ள இழுப்பு வேறுபாடு. அந்த வேறுபாடு தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவில் குறைகிறது. சூரியன் நிலவைப் போல் 389 மடங்கு தொலைவில் இருப்பதால் அங்கே தோற்றுப்போகிறது. சூரியனால் வரும் ஓதம் நிலவால் வருவதில் பாதிக்கும் சற்றுக் குறைவு.

பூமியின் தரையில் எல்லா இடங்களிலும் ஈர்ப்பு ஒன்றுதானா?

இல்லை. ஈர்ப்பு முடுக்கம் துருவங்களில் 9.83, நடுக்கோட்டில் 9.78. பூமி நடுவில் சற்றுப் புடைத்திருப்பதால் நடுக்கோட்டில் நிற்பவர் மையத்திலிருந்து 21 கி.மீ. கூடுதல் தொலைவில் இருக்கிறார். பூமியின் சுழற்சியும் எடையைக் குறைத்துக் காட்டுகிறது. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷேர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. நடுக்கோட்டருகே ஈர்ப்பு குறைவு என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று அது.

இப்போது இந்த வேறுபாடுகளை விண்வெளியிலிருந்தே படிக்கிறார்கள். 2002 முதல் 2017 வரை இயங்கிய 'கிரேஸ்' திட்டத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. நிறை அதிகமுள்ள பகுதியை முதலாவது நெருங்கும்போது அது சற்று முன்னே இழுக்கப்படும், இடைவெளி கூடும். பிறகு இரண்டாவது இழுக்கப்படும்; இடைவெளி குறையும். இந்த மாற்றத்தை மைக்ரோமீட்டர் அளவில் கவனித்து, கிரீன்லாந்தின் பனிப்படலம் எவ்வளவு இழந்தது, நிலத்தடி நீர் எங்கே வற்றுகிறது என்றெல்லாம் கணக்கிட்டார்கள். 2018 முதல் அடுத்த தலைமுறை இணை அந்தப் பணியைத் தொடர்கிறது. நிறையும் தொலைவும் சேர்ந்த ஒரு பழைய விதி இன்று ஒரு தராசாகப் பயன்படுகிறது என்பது எனக்கு அளவற்ற மகிழ்ச்சி தருகிறது.

பூமியின் ஈர்ப்பு எங்கே முடிகிறது?

எங்கும் முடிவதில்லை, குறைந்துகொண்டே போகும். "ஈர்ப்பு எல்லையைத் தாண்டியது" என்ற பேச்சு வழக்கத்துக்கு, வேறொன்றின் இழுப்பு மேலோங்கியது என்றுதான் பொருள். பூமிக்கும் நிலவுக்கும் இடையே இரண்டின் இழுப்பும் சமமாகும் இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். நிறை விகிதம் 81. அதன் வர்க்கமூலம் 9. ஆகவே தொலைவுகளின் விகிதம் 9-க்கு 1. பூமியிலிருந்து ஏறத்தாழ 3,46,000 கி.மீ., நிலவிலிருந்து 38,000 கி.மீ.

சூரியன் திடீரெனக் கருந்துளையாக மாறினால் பூமி உள்ளே இழுக்கப்படுமா?

நிறை மாறாமல் அப்படி மாறினால் பூமியின் பாதையில் ஒரு மாற்றமும் இருக்காது. நிறையும் அதேதான், மையத்திலிருந்து உள்ள தொலைவும் அதேதான். வெளிச்சமும் வெப்பமும் போய்விடும், அது வேறு கதை. கருந்துளைகள் ஏதோ தனி வகை உறிஞ்சும் ஆற்றல் கொண்டவை என்ற எண்ணம் தவறு. வேறுபாடு அருகில் போகும்போதுதான் வரும். இப்போது சூரியனின் மையத்தை 6,96,000 கி.மீ.க்கும் குறைவான தொலைவுக்கு நெருங்கினால் அதன் உடலுக்குள்ளேயே நுழைந்துவிடுவோம். இழுக்கும் நிறை குறையத் தொடங்கும். கருந்துளையாகச் சுருங்கிவிட்டால் அதன் ஆரம் 3 கி.மீ. மட்டுமே. முழு நிறையையும் வைத்துக்கொண்டு அவ்வளவு நெருங்க முடிவதுதான் அந்தப் பயங்கரமான ஈர்ப்புக்குக் காரணம்.

நியூட்டனின் விதி எங்கேயாவது தவறுகிறதா?

1846-இல் இந்த விதி தன் உச்சத்தைத் தொட்டது. யுரேனஸின் பாதையில் தெரிந்த சிறு விலகலிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெ வெர்ரியே கணக்கிட்டுச் சொன்னார். பெர்லினில் யோஹான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பிய இரவிலேயே, சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது.

அதே லெ வெர்ரியே புதனின் பாதையையும் ஆராய்ந்தார். அதன் நீள்வட்டம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. மற்றக் கோள்களின் இழுப்பை எல்லாம் கழித்த பிறகும் ஒரு சிறு மிச்சம் விளக்கப்படாமல் நின்றது. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) என்பது அதன் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. இன்னொரு கோள் ஒளிந்திருக்கிறது என்று தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அந்த 43 விகலையைச் சரியாகத் தந்தது. பெரும் நிறைக்கு மிக அருகில், நியூட்டனின் விதி ஒரு நல்ல தோராயம் மட்டுமே.

ஈர்ப்பு நொடிப்பொழுதும் தாமதமின்றிப் பாய்கிறது என்ற நியூட்டன் விதியின் உட்கிடையும் சரியல்ல. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (மிக அடர்த்தியாகச் சுருங்கிய விண்மீன்கள்) மோதியதால் எழுந்த ஈர்ப்பலைகள் (ஈர்ப்பின் மாற்றம் அலையாகப் பரவுவது) பூமியை வந்தடைந்தன, அதற்கு 1.7 நொடி கழித்து அதே இடத்திலிருந்து காமா கதிர்களும் வந்தன. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இவ்வளவு சிறிய இடைவெளிதான் என்றால், இரண்டும் ஒரே வேகத்தில் வந்தவை என்றே கொள்ள வேண்டும்.

மிகச் சிறிய தொலைவுகளிலும் இருமடி விதியைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். வெளிக்கு நாம் அறியாத கூடுதல் பரிமாணங்கள் சுருண்டு கிடந்தால், அந்தத் தொலைவுகளில் விசை இருமடியைவிட வேகமாக மாற வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கேவண்டிஷின் கருவியின் வழிவந்த முறுக்குத் தராசால் 52 மைக்ரோமீட்டர் இடைவெளி வரை சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். அவ்வளவு நெருக்கத்திலும் விசை இருமடி விதிப்படியே நடந்துகொண்டது.